ஐஸ் பெட்டியின் சுருதி

சொத்து சேர்க்காத அப்பாக்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் பைத்தியத்தை எழுதிவைக்கிறார்கள். என் பைத்தியம் சுருதி. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, இரண்டாம் வகுப்பு படித்த என் மகள் வானதியை ஃப்ரிட்ஜ், மிக்ஸி என்று எதிலும் காதை வைத்து ‘ஸ’ எங்கே என்று கண்டுபிடிக்கப் பழக்கியிருந்தேன். (கேஸ் கசிவு தேடுகிறோம் என்று பக்கத்து வீட்டில் நினைத்தார்கள்.) கண்டுபிடிப்பாள், ஆனால் வெளியாள் ஒருவர் இருந்தாலும் பாட மாட்டாள். மாதக் கடைசிக்குள் நாலு பேர் முன்னால் பாடாவிட்டால் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று பாட்டு டீச்சர் கெடு வைத்துவிட்டார்.

அந்த ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை (மனைவி புதன் என்பாள், தவறு), கீழ்வீட்டுச் சண்முகம் சார் இறந்துபோனார். சாயங்காலம் மூவரும் போனோம். மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கூடத்தின் நடுவே வாடகை ஐஸ் பெட்டி, கண்ணாடிக்குள் சார். பெட்டி ஒரே சீராக உறுமியது. சுருதி ஐந்து கட்டை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். வானதி என் கையை விட்டதைக் கவனிக்கவில்லை.

கரண்ட் போனது. உறுமல் நிற்கவில்லை.

பெட்டிக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா சார் இது? பொட்டி ஆஃப் ஆயிக்கீது. சத்தம் மட்டும் வந்துகினே கீது.”

பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். சத்தம் சாரின் தலைமாட்டிலிருந்து வந்தது. மெல்ல மேலே ஏறியது, பஞ்சமத்தில் நின்று அசைந்தது. யாரோ செருப்புகளில் தடுக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாரின் மனைவி செல்வி அக்கா இருட்டில் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

“ஏங்க... உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் பாடுனதில்லையே நீங்க.”

எனக்கு மட்டும் தெரியும், யாரென்று. பெட்டியில் காதை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருப்பாள். தடுத்தால் இனி வாயே திறக்க மாட்டாள். விட்டால் குவார்ட்டர்ஸில் தலைகாட்ட முடியாது. மனைவி என் முழங்கையில் நகம் பதித்தாள். நிறுத்தத்தான் போனேன். இருட்டில் தடவிக் குனிந்தபோது வானதியின் குரல் மேல் ஸட்ஜத்தைத் தொட்டது. இழையளவும் பிசகவில்லை.

கரண்ட் வந்தபோது நான் சண்முகம் சாரின் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டி, “பேஷ், பேஷ்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாரின் மைத்துனர் என் காலரைப் பிடித்தார். வானதி வாயை மூடிக்கொண்டாள். செல்வி அக்கா பெட்டியைச் சுற்றி வந்து அவளையே பார்த்தார்.

“அவர விடு தம்பி. பாப்பா, பாதியில நிறுத்தாத. எனக்குப் பயமா இருக்கு.”

கூடம் நிறைய ஆட்கள் இருக்க, அவள் பாடி முடித்தாள். (டீச்சரிடம் நாலு பேர் முன்னால் பாடினாள் என்று மட்டும் சொன்னேன், இடத்தைச் சொல்லவில்லை.)

வானதி இப்போது கல்லூரியில் படிக்கிறாள், மேடையில் பாடுகிறாள். செல்வி அக்கா எங்கே பார்த்தாலும் அவளிடம் ஒன்றையே சொல்வார்: “எனக்கும் நீதான்டி பாடணும். அதே பெட்டியத்தான் எடுக்கணும்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.” எல்லோரும் சிரிப்போம். போன மாதம் வானதி மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தப் பெட்டி வேணாம்க்கா. பின்தெரு சாவுல காது வச்சுப் பாத்தேன். அரைக்கட்டை இறங்கிடுச்சு.”