ஆறட்டும் அண்ணையின் சந்தேகங்கள்

இவ்வுலகில் அவசரத்தை வென்றவர்கள் இருவர். ஒருவர் கயிலையில் கண்மூடி இருக்கிறார். மற்றவர் கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே, இரண்டு வேம்புகளுக்கு நடுவே வண்டி திருத்தும் கராச் நடத்துகிறார். முன்னவரை நான் கண்டதில்லை. பின்னவரைக் கண்டபின் முன்னவரைக் காணும் ஆவலும் தணிந்துவிட்டது.

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். வாக்காளர் இடாப்புக்கு வெளியே அது வழக்கில் இல்லை. ஆவி கக்கிக்கொண்டு எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து புறப்படும் முதற்சொல் "ஆறட்டும்" என்பதே. ஆகவே ஊர் முழுவதற்கும் அவர் ஆறட்டும் அண்ணை. எஞ்சின்மீது தம் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கன்னம் சுடாத நேரம் வரும்வரை அந்த வண்டிக்கு வைத்தியம் இல்லை. வண்டிக்காரருக்குத் தேநீர் மட்டுமே உண்டு.

ஒருமுறை கரையோரப் பங்கு ஒன்றின் குருவானவர், திருநாள் பூசைக்குப் போகும் வழியில் கொதித்த ஜீப்போடு வந்து சேர்ந்தார்.

"நேரம் போயிட்டுது. மூடியைத் திறந்து தண்ணியை ஊத்தும்!" என்று அதட்டினார்.

"ஃபாதர், பாவசங்கீர்த்தனத்துக்கு வாற சனத்தைக் கெதியாச் சொல்லு எண்டு நீங்கள் கலைக்கிறனீங்களோ?"

"இல்லை."

"அப்ப இதுவும் உள்ள கிடக்கிறதை ஆறுதலாச் சொல்லட்டும். கதிரையில இருங்கோ."

குருவானவர் அமர்ந்தார். வேறொரு நாள் பொறியியலாளர் ஒருவர் பொறுமையிழந்து, சுடச்சுட ரேடியேற்றர் மூடியில் தாமே கைவைக்கப் போனார். ஆறட்டும் அண்ணை பொனற்றைப் படாரென மூடி அதன்மேல் ஏறி அமர்ந்துவிட்டார். இரும்பு சுட்டிருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "வெந்நீர் பாஞ்சு முகம் பொசுங்கினாப் பிறகு என்னட்டை வராதேங்கோ ஐயா. அதுக்கு நான் பெயின்ற் அடிக்க ஏலாது" என்றார். பொறியியலாளரும் அமர்ந்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான என்னையும் அந்தக் கதிரையில் அமர்த்தியது, என் முப்பது வயதுக் கார்.

என் தங்கையின் கணவர் அருளப்பு முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர். சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுபட, தங்கையும் அவரும் எங்கள் வீட்டில் வந்து தங்கினர். திங்களும் வியாழனும் வவுனியா மருத்துவமனையில் அவருக்கு இரத்தம் சுத்திகரிப்பார்கள். காலை எட்டு மணிக்கு அவருக்கென்று ஓர் இயந்திரம் ஒதுக்கப்பட்டிருக்கும். பிந்தினால் அந்த நேரம் வெட்டுப்படும். அடுத்த நோயாளி காத்திருப்பார். திரும்பும்போது மச்சானால் நிமிர்ந்து நிற்கவும் இயலாது என்பதால் பேருந்து உதவாது. காரே கதி. அந்தக் காரோ, நகரத்துக்குள் பசுப்போல் நடந்து, நெடுஞ்சாலையில் ஏறி மாங்குளத்தை அண்டியதும் பொங்கி நின்றுவிடும்.

மூவரிடம் காட்டினேன். முதலாமவர் தண்ணீர்ப் பம்பை மாற்றினார். இரண்டாமவர் ரேடியேற்றர் மூடியை மாற்றினார். மூன்றாமவர், சூடேறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் சிறிய வால்வைக் கழற்றி எறிந்து, "எங்கட வெக்கைக்கு உது தேவையில்லை" என்று தீர்ப்பும் வழங்கினார். அடுத்த வியாழன் மாங்குளத்தில் ஒன்றரை மணிநேரம் நின்றோம். மச்சானுக்கு அன்று அரைச் சிகிச்சைதான் கிடைத்தது. வெள்ளி இரவு முழுவதும் அவர் படுக்க முடியாமல் அமர்ந்தே மூச்சு வாங்கினார்.

சனி காலை, மச்சானையும் ஏற்றிக்கொண்டு ஆறட்டும் அண்ணையிடம் போனேன்.

"திங்கள் எட்டு மணிக்கு இவர் வவுனியாவில நிக்க வேணும் அண்ணை. கெதியாப் பாருங்கோ" என்றேன்.

"நிப்பார். இப்ப ஆறட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. மச்சானுக்கோ சிரிப்பு வந்தது. "அண்ணை, என்ர கிட்னியும் உந்த ரேடியேற்றரும் ஒரே பட்டறையில செய்தது போல கிடக்கு. எது முதல் ஆறுதோ அதைத் திருத்துங்கோ" என்றார்.

ஆறட்டும் அண்ணை அவரை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார். பின்பு தாம் இருந்த சாய்மனைக் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டார். அந்தக் கதிரையில் வேறு எவரும் அமர்ந்ததை ஊர் கண்டதில்லை.

கன்னம் சுடாத வேளை வந்தது. வால்வு இருந்த இடத்தை விரலால் தடவியவர், இழவு வீட்டில் நிற்பவர்போல் ஆனார். "வெக்கையா இருக்கெண்டு வீட்டுக் கதவைக் கழட்டி எறிவியளோ, மாஸ்ரர்?" என்று கேட்டு, புதியதொன்றைப் பூட்டினார். எஞ்சினை ஓடவிட்டுக் குழாய்களைக் கையால் பிடித்து நாடி பார்த்தார். விசிறி சுழலத் தொடங்கியதும், சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து முதல்நாள் தாளைக் கிழித்து வந்தார்.

"நேற்று முடிஞ்ச நாள். இன்னுமொரு வேலை செய்யட்டும்" என்றபடி அத்தாளைக் காரின் முகப்பில் பிடித்தார்.

விசிறி காற்றை இழுக்குமானால் தாள் முகப்போடு ஒட்ட வேண்டும். இடது ஓரத்தில் ஒட்டியது. நடுவில் வைத்தார், விழுந்தது. வலப்புறம் வைத்தார், விழுந்தது. குனிந்து உள்ளே பார்த்தார்.

"முன்பக்கம் கழுவின கோப்பை மாதிரிக் கிடக்கு. காத்து மட்டும் போகேல்லை. மாஸ்ரர், இதைக் கழுவிறது ஆர்?"

"நான்தான்" என்றேன், சற்றுப் பெருமையோடு. வியாழன் பயணத்தின் தூசு போக, வெள்ளிதோறும் காரைக் கழுவிச் சந்தனப் பொட்டு இடுவது என் வழக்கம்.

"முன்னால நிண்டோ, பின்னால நிண்டோ?"

"முன்னாலதான். நல்ல வேகமாப் பைப் பிடிச்சு."

ஆறட்டும் அண்ணை கண்களை மூடிக்கொண்டார். எஞ்சினை நிறுத்தினார். மறுபடியும், ஆறட்டும்.

பிற்பகலில் ரேடியேற்றரைக் கழற்றி இறக்கினார். அதற்கு முன்னால் குளிரூட்டியின் தகடு ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளி முழுவதும் பதர், வைக்கோல் துணுக்கு, தூசு ஆகியவை இறுகி ஒரு மெத்தையாகியிருந்தன. அறுவடை தொடங்கினால் எங்கள் வீதிகளில் பாதி, நெல் காயும் களமாகிவிடும். காற்றில் பறக்கும் பதரைக் கார் மூக்கில் வாங்கும். நான் பக்தியோடு பைப் பிடித்து, முதல் தகட்டில் ஒட்டியதையெல்லாம் இரண்டாவது தகட்டின்மேல் அறைந்து அனுப்பியிருக்கிறேன். ஈரம் தங்கிய கீழ்மூலையில் நெல்மணிகள் இரண்டு முளைத்தும் இருந்தன.

"அருளப்பு, வந்து பாரும். மாஸ்ரர் காருக்குள்ள வயல் செய்யிறார்!"

மச்சான் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தார். "எருவும் போட்டிருந்தால் நல்ல விளைச்சல் கண்டிருப்பார்" என்றார். அவ்விருவரும் சிரித்த சிரிப்பில் நான் நியாயமான அளவுக்குச் சிறுத்துப்போனேன்.

எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய தண்ணீரில், குழந்தைக்குத் தலைவாருவதுபோல் தகடுகளைத் தூரிகையால் கோதி, மாலைக்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்.

திங்கள் காலை அவரும் எங்களோடு புறப்பட்டார். முன்னிருக்கையில் அமர்ந்து, வெப்பங்காட்டும் ஊசியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். மாங்குளம் வந்தது, ஊசி அசையவில்லை. புளியங்குளம் கடந்தோம், அசையவில்லை. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மருத்துவமனை வாசலில் நின்றோம்.

உள்ளே மச்சானை இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஆறட்டும் அண்ணை கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார். வெளியே வந்த தாதியை மறித்தார்.

"தங்கச்சி, உதில என்ன எந்தப் பக்கத்தால போகுது?"

"ஒரு பக்கத்தால ரத்தம் ஐயா, மற்றப் பக்கத்தால மருந்துத் தண்ணி. எதிரும் புதிருமாப் போகும். நடுவில மெல்லிய சவ்வு. அழுக்கு மட்டும் அதுக்குள்ளால இங்கால வரும்."

"ரத்தமும் தண்ணியும் கலக்காதோ?"

"கலக்காது ஐயா."

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார். "நாப்பது வருசமா எஞ்சினுக்குள்ள எண்ணையும் தண்ணியும் கலக்காமல் காக்க நான் படுற பாடு கடவுளுக்குத்தான் தெரியும். இதைச் செய்தவன் ஆர் மாஸ்ரர்? அவன்ர காலில விழ வேணும்!" என்றார். நான்கு மணிநேரமும் கதவை விட்டு அவர் நகரவில்லை. குருவானவரையும் பொறியியலாளரையும் அமர வைத்த மனிதர், தாதி தமக்குக் காட்டிய நீள வாங்கில் அமரவில்லை.

திரும்பும் வழியில் மெல்லச் சொன்னார்: "மாஸ்ரர், எனக்கு இன்னுமொரு சந்தேகம் கிடக்கு. வியாழனும் வாறன்."

வியாழன் வந்தார். பெல்ற்றில் சந்தேகம் என்றார். அடுத்த திங்கள், மேல் குழாயின் பிடியில் சந்தேகம். அதற்கடுத்து மூடியின் இறப்பர். மாதங்கள் போயின, அறுவடை முடிந்து மறுபோக விதைப்பும் முடிந்தது. ஊசி ஒருநாளும் நடுவைத் தாண்டியதில்லை. ஒருமுறை மச்சானின் சிகிச்சை முடியும்வரை காத்திருந்த நேரத்தில், வவுனியாவில் வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அரைமணிநேரம் துருவிப் பார்த்துவிட்டு, "இதில கை வைக்க ஒண்டுமில்லை ஐயா. ஆரோ நல்லாச் செய்திருக்கினம்" என்றார். இதை ஆறட்டும் அண்ணையிடம் நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அவர் முன்னிருக்கையில் அமர்வதில்லை. பின்னால், மச்சானுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்கிறார். சிகிச்சை முடிந்து களைத்த மச்சான், ஓமந்தை வருமுன்பே அவர் தோளில் தலைசாய்த்து உறங்கிவிடுவார். கிளிநொச்சிவரை அந்தத் தோள் அசையாது.

அங்கிருந்து பார்த்தால் ஊசி தெரியாது. என் தலை மறைக்கும். எஞ்சினைச் சோதிக்க வருபவர் ஏன் அங்கே அமர்கிறார் என்று நான் கேட்டதில்லை. பள்ளம் கண்ட இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டுகிறேன்.