மயூரி மிஸ்ஸை மாற்றக் கோரி

அடி அண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புள்ள மச்சான் சுரேஷ்குமாருக்கு,

உன் மாமா கண்ணாயிரம் எழுதுவது. அண்ணாமலையார் தயவில் உன் அக்காவும் நானும் சௌக்கியம். சென்னையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் மகள் அம்ருதா காதில் விழும் என்பதால் கடிதம்.

நீ மருமகளுக்கு வாங்கித் தந்த டேப்லெட்டைப் பற்றித்தான் புகார். கணக்கு என்றாலே வயிற்று வலி வரும் பெண், அதில் பாடம் நடத்தும் பொம்மை டீச்சர் மயூரி மிஸ்ஸைப் பார்த்த நாளிலிருந்து தானாகவே உட்கார்ந்து பின்னம் போடுகிறாள். அதுவரை சந்தோஷம். ஆனால் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வந்தால் இங்கே சிக்னல் செத்துவிடும் என்பது அந்த மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. போன மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நேத்து உனக்காகக் காத்திருந்தேன், அம்ருதா" என்றது. "பாவம்ப்பா மிஸ், தனியா உக்காந்துனு இருந்திருக்காங்க" என்று ஒரே அழுகை. மிஸ் முகத்தில் எப்படி முழிப்பது என்று டேப்லெட்டையே மூடி வைத்துவிட்டாள். பழைய வயிற்று வலி திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்து, அடுத்த பௌர்ணமிக்குச் சிக்னல் இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துத் திறக்க வைத்தேன். அதனால் நேற்று, டீக்கடையில் வியாபாரம் ஜாஸ்தியாக நடக்கிற சாயங்காலத்தில், கடையை உன் அக்கா தலையில் கட்டிவிட்டு, இவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வேங்கிக்காலையும் தாண்டிப் போனேன். தடுப்பில் போலீஸ்காரர், "இந்தக் கூட்டத்துல எங்கய்யா போற?" என்றார். "டீச்சரைப் பாக்க, சார்." "டீச்சர் வீடு எங்க?" அம்ருதா டேப்லெட்டைக் காட்டினாள். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார்.

ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகச் சிக்னல் கிடைத்தது. நன்றாகத் தெரிந்த கணக்கையே தப்பாகப் போட்டாள். "ஏம்மா, இது உனக்குத் தெரியுமே?" என்றேன். "சரியா போட்டா மிஸ் டாட்டா சொல்லிட்டுப் போயிடுவாங்கப்பா. தப்பா போட்டா, பரவால்ல கண்ணு, இன்னொரு வாட்டி பாக்கலாம்னு கூடவே இருப்பாங்க." அவள் தப்புப் போட்டால் வீட்டில் நாங்கள் என்ன சொல்வோம் என்பது உனக்கே தெரியும்.

ஆகவே அந்த மிஸ்ஸைச் செய்த கம்பெனியில் பேசி, மீசை வைத்த, யாருக்காகவும் காத்திருக்காத ஒரு சாரைப் போடச் சொல்லவும்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்குச் சீக்கிரம் நல்ல பெண் அமைய அண்ணாமலையார் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா கண்ணாயிரம்

பி.கு.: கம்பெனியில் எதுவும் பேசிவிடாதே. அம்ருதா பள்ளிக்கூடம் போனதும், அப்படி என்னதான் மாயம் என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பு. "பரவால்ல கண்ணு" என்றது. என்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை, மச்சான். அடுத்து வந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. அதையும் தப்பாகத்தான் போட்டேன்.