துப்பறியும் தயாபரன் சிரிக்காத காரணம்

தென்காசி,
14-7-1959

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, தென்காசி குடைக்கடை கிதிர் முகம்மது பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் குடும்பத்தாரும் சுகம். சாரல் நன்றாக விழுகிறது. தாங்களும் பத்திரிகாலயத்தில் உள்ளோரும் சுகமாயிருக்க இறைவன் அருளட்டும்.

என் தொடர்கதையின் ஐந்தாம் அத்தியாயம் வரவில்லை என்று தந்தி அடித்திருந்தீர்கள். குற்றம் என்னுடையதல்ல. துப்பறியும் தயாபரன் ஏன் சிரிப்பதே இல்லை, அவனுக்கு ஒரு முன்கதை வேண்டாமா என்று கேட்டு எழுதியது தாங்கள்தானே. குடை விற்கிற நான் துப்பறிகிறவர் யாரையும் கண்டதில்லை. ஆகவே குத்துக்கல்வலசையில் இருக்கும் ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு அருமைநாயகம் அண்ணாச்சியிடம் போனேன். அவரும் சிரிக்காத மனிதர். முதல் நாள், தனியாளாக ஆறு கொள்ளைக்காரர்களைப் பிடித்த கதையைச் சொன்னார். இரண்டாம் நாள் அதே கொள்ளைக்காரர்கள் பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். மூன்றாம் நாள் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு பாறையில் உட்கார்ந்திருந்தபோது, சிரிப்பு எப்போது போயிற்று அண்ணாச்சி என்று கேட்டேன். துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார். இருபது வருஷத்துக்கு முன் ஒரு சைக்கிள் திருட்டில் பேச்சிமுத்து என்ற வண்டிக்காரரைப் பிடித்து, அடித்து ஒப்புக்கொள்ள வைத்தாராம். அவருக்கு மூன்று மாதம் ஜெயில். பிறகு பார்த்தால் சைக்கிளுக்குச் சொந்தக்காரர் அதைத் தம் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு மறந்திருக்கிறார். அண்ணாச்சி இதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கே அந்தக் கதையைத் தயாபரன் தலையில் ஏற்றி, எழுதியதை அண்ணாச்சியிடமே வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“ஒம்ம ஆளு அந்த வண்டிக்காரன் வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேக்கானா வே?”

“இல்ல அண்ணாச்சி, அவனுக்குக் கொலைகாரனப் பிடிக்கவே நேரம் பத்தல்ல” என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அண்ணாச்சி கடையம் போய்விட்டார். பேச்சிமுத்து அங்கேதான் இருக்கிறார். அவர் முன்னால் அண்ணாச்சி தம் பெயரைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பேச்சிமுத்துக் கிழவர் இவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “எந்தப் போலீசுன்னு வெளங்கல்லியே ஐயா, நாலஞ்சு பேருல்லா அடிச்சாவ” என்று சொல்லி, உட்காரப் பாய் விரித்திருக்கிறார்.

அதிலிருந்து அண்ணாச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை. பேச்சிமுத்து தம்மை இரண்டு வசவாவது வைதிருக்கலாம் என்கிறார். அவர் மகள் ரெபேக்காள் என் கடை வாசலில் நின்று, கதை எழுத வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனாள். ஒரு மனுஷர் இருபது வருஷமாக உள்ளே வைத்துப் புழுங்கியதை, என் கதாநாயகன் சிரிக்காததற்குக் காரணம் என்று நாலு பாராவில் முடித்துவிட்டேனே. ஆகையால் அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். தயாபரனுக்குப் பல்வலி என்று போட்டுக்கொள்ளுங்கள்.

தங்களுக்குத் தேக சுகமும் வாசகர்களுக்குப் பொறுமையும் வேண்டி துஆ செய்யும்,
கிதிர் முகம்மது

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அண்ணாச்சி கடைக்கு வந்துவிட்டார். “அந்த ஆளு மறந்துட்டாரு. படிக்கவங்களாவது நான்தான்னு தெரிஞ்சுக்கிடட்டும்” என்கிறார். ஆகவே அத்தியாயத்தைத் திரும்ப எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், பல்வலியை எடுத்துவிடுங்கள். அத்தியாயத்தின் அடியில், நிஜத்தில் அடித்தது அருமைநாயகம் என்று முழுப்பெயரையும் போடச் சொல்கிறார். உத்தியோகத்தை மட்டும் சப் இன்ஸ்பெக்டர் என்று உயர்த்த வேண்டுமாம். உயர்த்திவிட்டேன்.