கைக்காக முதுகு எழுதிய பரீட்சை

கூச்சப்படுகிறவனுக்கு வியாதி எங்கே வேண்டுமானாலும் வரலாம், கையில் மட்டும் வரக்கூடாது. காலில் வந்தால் வேட்டி மூடிக்கொள்ளும். கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் நாலு வருடம் பேண்ட் பாக்கெட்டில் வைத்திருந்தேன். (சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெளியே வரும்.)

கோயமுத்தூரில் பம்பு பாகங்கள் செய்கிற சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். ஆயிலில் ஊறிய கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். ஒருநாள் விரலிடுக்கில் அரித்தது. பிறகு கொப்புளம், அப்புறம் வெடிப்பு. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள் என்று கத்திரிக்காயை விட்டேன், கருவாட்டை விட்டேன். பாகம் கழுவும்போது ரப்பர் கையுறை போட்டேன். அரிப்பு கூடியது. ஒன்று போதவில்லை போலிருக்கிறது என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டேன். (பத்தாம் வகுப்போடு என் மூளையும் படிப்பை நிறுத்திவிட்டது.)

கடைசியில் அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இந்த மாதத்துக்குள் கை சரியாகாவிட்டால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொன்னதும்தான் தோல் டாக்டரிடம் போனேன்.

அந்த அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எக்ஸிமா, யாருக்கும் ஒட்டாது என்றார். தோல் செங்கல் சுவர் மாதிரியாம். இடையில் இருக்கும் எண்ணெய்ப்பசைதான் சாந்தாம். நான் தினமும் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாந்தைக் கழுவியிருக்கிறேன். வாயைப் பிளந்துவிட்டேன். நாற்பத்தாறு வருடமாக ஒரு கட்டடத்தை உடம்பில் போர்த்திக்கொண்டு திரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

கையில் இருந்த சிவப்பு, மணிக்கட்டோடு கோடு கிழித்ததுபோல் நின்றுவிட்டதைப் பார்த்தவர், வேறு ஏதோ ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதைக் கண்டுபிடிக்க என் முதுகில் என்னென்னவோ மருந்துகளைக் கட்டம் கட்டமாக ஒட்டி, பக்கத்தில் மையால் எண் எழுதினார். இரண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

மறுநாள் காரமடைப் பக்கம் மாமனார் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா, அன்றைக்கு மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற நாள்.

"ஏனுங்க, முதுகுல ஒட்டியிருக்குதுன்னு சொல்லிப்போடுங்க" என்றாள் என் மனைவி ஈஸ்வரி.

சொன்னால் எதற்கு என்பார்கள். கையைக் காட்ட வேண்டிவரும். வாயைத் திறக்காதே என்று அவளையும் தடுத்துவிட்டேன்.

ஈஸ்வரியின் தங்கை செல்வி குடத்தோடு வந்ததும் ஓடினேன். அதுதான் தப்பு. பத்தொன்பது வருடமாக மைல்கல் மாதிரி நின்று நனைந்த மாப்பிள்ளை இன்று ஓடி விளையாடுகிறார் என்று ஊருக்கே சந்தோஷம். என்னைத் துரத்திய ஒரு குடம் ஏழு குடமானது. கோயிலைச் சுற்றி, தென்னந்தோப்பைத் தாண்டி, மோட்டார் ரூமுக்குள் புகுந்து கதவைத் தாழிட்டு, கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஜன்னல் இருந்ததைப் பார்க்கவில்லை.

அதன் வழியாகச் செல்வியின் முழுக் குடமும் முதுகில் இறங்கியது.

கதவைத் திறந்து வெளியே வந்து சட்டையைக் கழற்றினேன். பாதிக் கட்டங்கள் தொங்கின. மை மஞ்சளோடு வழிந்தது. சிரிப்பெல்லாம் நின்றுபோனது.

"இதென்னங்க மாமா, முதுகுல நம்பரு போட்டிருக்குது?" என்றாள் செல்வி.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் போய்விடும் என்பதையும் சொன்னேன். முதன்முறையாகக் கையை நீட்டினேன். யாரும் பின்னால் நகரவில்லை. செல்வி குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்குங்களா இத்தன ஓட்டம்?"

அவளே முதலாளிக்குப் போன் போட்டு இன்னும் ஒரு மாதம் தவணை வாங்கினாள். டாக்டரிடமும் வந்தாள். "தப்பு என்னோடதுங்க டாக்டரம்மா. ஆனா இவரு வாயத் தொறக்கலீங்க." டாக்டர் சிரித்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஒட்டினார். இந்த முறை மாமியார், ஈஸ்வரி, செல்வி மூவரும் மாறி மாறிக் காவல். வியர்க்கும் என்று என்னை டீக்கடைக்குக்கூட விடவில்லை.

டாக்டர் கட்டங்களை எடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார். ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. ரப்பர் செய்யும்போது சேர்க்கிற ரசாயனமாம் அது. கையைக் காப்பாற்ற நான் ஜோடி ஜோடியாகப் போட்ட அதே கையுறை! ஜென்மத்தில் கையுறை போடாத முதுகுக்கு அது எப்படித் தெரிந்தது? ஒரு கை பட்ட பாட்டை மொத்தத் தோலும் ஞாபகம் வைத்திருக்கிறது. டாக்டர் எடுத்துக் காட்டிய போட்டோவில் முதுகைப் பார்த்தபோது, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றேன்.

இப்போது பாகம் கழுவும்போது பருத்திக் கையுறை, அதற்குமேல் ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் கையுறை. மண்ணெண்ணெய் கிடையாது. காரம் குறைந்த சோப்பு, கழுவினதும் களிம்பு. மருந்துக் கிரீம் டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும். தவணை முடிவதற்குள் வெடிப்பு ஆறி, மிஷின் என்னிடமே நின்றது. அசட்டையாக இருந்தால் அரிப்பு திரும்ப எட்டிப் பார்க்கும்.

பத்து வருடம் ஆகியும், மஞ்சள் நீராட்டில் இன்றும் செல்வி என் சட்டைக் காலரை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்து, "முதுகு காலிங்க, ஊத்துங்க" என்று அறிவித்தபிறகுதான் குடம் சாயும். அது அப்படியே எல்லா மாப்பிள்ளைகளுக்கும் பரவிவிட்டது. போன நோம்பிக்குச் செல்வியின் புது மருமகன் ஒன்றும் புரியாமல் பட்டனைக் கழற்றிக்கொண்டு, இது என்ன வழக்கம் என்று கேட்டார்.

செல்வி முகம் மாறாமல் சொன்னாள்: "எங்க கொலத்துல அப்படித்தானுங்க தம்பி, திரும்புங்க."