பனி பட்டால் உத்தரவாதம் இல்லை

"புதுசு எதுக்குப்பா பழசைவிடச் சீக்கிரமாப் பழசாவுது?"

முகில்நாட்டில் குயிலி என்ற சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்டாள். அப்போது அவள் தன் அப்பா சடையனின் தோளில் உட்கார்ந்து, அரண்மனைத் திடலில் நடந்த புதிய கூவியின் வெளியீட்டு விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைப் பேரமைச்சர் மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்திய நேரம் அது. ஆகவே கேள்வி திடல் முழுவதும் கேட்டது. அமைச்சர் மூச்சு வாங்கும்போது மக்கள் கைதட்ட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மக்கள் கைதட்டினார்கள்.

பேரமைச்சர் பெருந்தன்மையோடு பதில் சொன்னார்.

"குழந்தாய், புதுமை என்றால் வேகம். பழையதாவதிலும் வேகம் காட்டுவதே நமது புதுமையின் சிறப்பு."

மறுபடியும் கைதட்டினார்கள்.

முகில்நாடு மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல இருந்தது. நினைத்த நேரத்தில் பனி இறங்கும். இறங்கினால் நீட்டிய கை தெரியாது. ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் மேலே போனவர்கள் ஓரடி தவறினால் கீழே பள்ளம். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பித்தளைப் பறவை தொங்கியது. சாவி கொடுத்தால் கூவும். அதுதான் கூவி. ஒவ்வொரு கூவிக்கும் ஒரு குரல் உண்டு. தன் தெருக் குரலைக் காதால் பிடித்துக்கொண்டு எவரும் கண்ணை மூடியபடியே இறங்கி வந்துவிடலாம். பனியைக் கொடுத்த கடவுள் காதையும் கொடுத்தாரே என்று அந்நாட்டார் நன்றியோடு சொல்வார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் நாள் வரும். அன்று கூவியின் திருகாணிகளைக் கழற்றி, வயிற்றைத் திறந்து, துடைத்து எண்ணெய் விடுவார்கள். ஆனால் தன் கூவிக்குத் தானே எண்ணெய் விடும் வழக்கம் அங்கே கிடையாது. தினமும் கேட்டுப் பழகியதால் தன் வீட்டுக் கூவியின் கீச்சல் தனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே ஒவ்வொருவரும் தன் வலப்பக்கத்து வீட்டுக் கூவிக்கு எண்ணெய் விட்டார்கள். இதற்கு எண்ணெய்க் கடன் என்று பெயர். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாவது வந்து விட்டுவிட்டுப் போவார்கள். போகும்போது, "உள்ள ஒரு பல் தேஞ்சிருக்கு, பாத்துக்க" என்று ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியாது. பாதிச் சண்டைகள் அந்த ஒரு சொல்லில் முடிந்துபோகும்.

குயிலி வீட்டுக்கு இடப்பக்கம் பொரி வறுத்து விற்கும் இருளப்பனின் வீடு. அதற்கும் இடப்பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த சொக்கன், ஓர் எண்ணெய் நாள் காலையில், அரண்மனையில் வேலை கிடைத்த செய்தி வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை மாடத்தில் வைத்துவிட்டுப் போனவர். போனவர் திரும்பவில்லை. பட்டறைப் பேரமைச்சர் நாவரசர் என்று நாடு அறிந்தது அவரைத்தான்.

அன்று காலை அவர் எண்ணெய் விடாமல் போன கீச்சலோடு இருளப்பனின் கூவி, அதன் பிறகும் "கூ… கீச்… கூ…" என்றே கூவியது. இரக்கப்பட்டு யாராவது எண்ணெயோடு வந்தால் அவர் விரட்டிவிடுவார்.

"அது சொக்கன் பட்ட கடன். அவன் வந்து தீர்க்கட்டும். நீ நடையக் கட்டு."

மன்னர் நலங்கோ நல்லவர். புதியது எதைக் காட்டினாலும் மகிழ்ந்துபோவார். பட்டறைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆண்டுதோறும் ஒரு புதிய பதிப்பு வந்தது. கூவி மெலிந்தது, அதன் விலை பருத்தது. பித்தளை போய்த் தகரம் வந்தது. கண்ணுக்குப் பளிங்கு பதித்தார்கள். அது கழுத்தைத் திருப்பிக் கும்பிடும் அழகைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கும்பிட்ட பிறகு கூவுமா என்று அன்றைய உற்சாகத்தில் யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் பதிப்போடு சாவி வரவில்லை. "காடுகளின் நலன் கருதிச் சாவி நீக்கப்பட்டுள்ளது. வேண்டுவோர்க்குத் தனியே, தேக்குமரப் பெட்டியில் கிடைக்கும்" என்று முரசறைந்தார்கள். அதே பதிப்பில், அழகைக் கெடுக்கின்றன என்று திருகாணிகளை எடுத்துவிட்டு வயிற்றை அரக்கு வைத்து மூடினார்கள். கூவியைத் திறப்பது மன்னரின் நல்லெண்ணத்தைத் திறந்து பார்ப்பதாகும் என்று சட்டம் வந்தது. அவ்வாண்டு எண்ணெய் நாளில் மக்கள் வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். திறக்க ஒன்றுமில்லை. மேலாகத் துணியால் துடைத்துவிட்டு, சற்று நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்தார்கள்.

குயிலியின் அம்மா வடிவு வாங்கிய புதிய கூவி ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கூவி நலக் கூடத்துக்குப் போனாள். அலுவலர் கூவியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"எங்கே தொங்கவிட்டிருந்தீர்கள்?"

"வாசல்லதாங்கய்யா."

"வாசலில் பனி படுமே?"

"பனியிலதானங்கய்யா கூவணும்?"

"பனி பட்டால் உத்தரவாதம் செல்லாது, அம்மா."

"அப்ப வெயில் நாள்ல கூவுமா?"

"வெயிலில் எதற்குக் கூவ வேண்டும்? வழிதான் தெரியுமே!" அலுவலர் அவள் அறியாமையை மன்னித்து, ஒரு கடலை மிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

இப்படிப் பலரும் வந்ததால் அரசவை கவலையோடு ஆராய்ந்தது. குறை கூவிகளில் இல்லை, குடிமக்களின் காதுகளில் இருக்கிறது என்று தெரியவந்தது. ஊர்தோறும் செவித் திருத்த அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் குடிமக்களை வரிசையாக உட்காரவைத்து, கூவாத கூவியைக் கேட்கப் பயிற்சி கொடுத்தார்கள். மக்களின் விருப்பத்தையும் மன்னர் மதித்தார். அடுத்த பதிப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடந்தது. பால்வெள்ளையும் பனிவெள்ளையும் போட்டியிட்டன. வெள்ளை பெருவெற்றி பெற்றது.

ஆனாலும் ஒரு தொல்லை மிஞ்சியது. பழைய கூவிகள் பல வீடுகளில் இன்னும் கூவிக்கொண்டிருந்தன. இது புதிய கூவிகளின் மனத்தைப் புண்படுத்துவதாகப் பேரமைச்சர் அவையில் உருக்கமாகப் பேசினார். பழைய கூவிகளை எல்லாம் ஓய்வுக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும், மறைத்து வைப்பவர் மலைக்கு அப்பால் துரத்தப்படுவார் என்று ஆணை பிறந்தது.

மக்கள் கண்ணீரோடு பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எதையும் திறந்து பார்க்கக் கூடாது என்பது சட்டம் ஆகையால் அலுவலர்கள் பொட்டலங்களைத் திறக்கவில்லை. சில நாளில் ஓய்வுக் கூடத்தின் சன்னல் வழியே ஒரு பூசணிக்கொடி எட்டிப் பார்த்தது. ஓய்வெடுக்கும் கூவிகள் நலமாக இருப்பதற்கு அதுவே சான்று என்று அறிக்கை எழுதப்பட்டது.

பதின்மூன்றாம் பதிப்பை நாடே பார்க்கும்படி யானைச்சரிவின் உச்சியில் வெளியிட மன்னர் ஆசைப்பட்டார். காவலரைக் கீழே நிறுத்திவிட்டு மன்னரும் பேரமைச்சரும் மேலே ஏறினார்கள். அதே சரிவில் சடையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். உச்சிப் பொழுதில் பனி இறங்கியது.

கீழே வடிவு ஓடிவந்து கூவியைத் தட்டினாள். அது கழுத்தைத் திருப்பிக் கும்பிட்டது. மறுபடி தட்டினாள். மறுபடி கும்பிட்டது.

"அம்மா, அப்பா எப்படி வருவாரு?"

வடிவு அண்டாவை எடுத்துக் கரண்டியால் அடித்தாள். எல்லா வீட்டிலும் அண்டாவை அடித்தார்கள். எல்லா அண்டாவுக்கும் ஒரே குரல். எந்தத் திசையிலிருந்து யார் கூப்பிடுகிறார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இருளப்பன் வேலியோரம் வந்து நின்றார். பனியில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"தங்கச்சி, அந்தப் பக்கமாத் திரும்பி நில்லு. நான் செய்யப்போறத நீ பாக்கல."

"நான் எங்கண்ணே பாத்தேன்? எம் மூக்கே எனக்குத் தெரியல."

"குயிலி, நீ?"

"நான் கண்ண மூடிக்கிட்டேன் மாமா. சீக்கிரம்!"

பொரி மூட்டையின் வாய்க்கட்டு அவிழும் சத்தம் கேட்டது. இருளப்பன் உள்ளே கைவிட்டுத் தன் பழைய கூவியை வெளியே இழுத்தார். அலகிலிருந்து பொரி கொட்டியது. இந்தத் தெருவை விட்டால் அவருக்கு வேறு ஊரும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளையாரை ஒருமுறை நினைத்துக்கொண்டு வாசலில் மாட்டிச் சாவியைத் திருகினார்.

"கூ… கீச்… கூ…"

மேலே சடையன் அசையாமல் நின்றிருந்தான். பனியில் நிற்கத் தெரிந்தவன் அவன். பக்கத்தில் கற்கள் சரியும் ஓசை கேட்டது.

"யாருங்க அது? அசையாதீங்க! முன்னால பள்ளம்."

"நான் பட்டறைப் பேரமைச்சர். என்னோடு மன்னர் இருக்கிறார்."

"யாரா இருந்தாலும் அசையாதீங்க. பள்ளத்துக்கு ஆள் தெரியாது."

அவன் தட்டுத் தடுமாறி வந்து பேரமைச்சரின் பட்டுச் சால்வையைப் பற்றி இழுத்தான். மன்னரின் கையில் மூத்த கிடாயின் வாலைக் கொடுத்தான். "விட்டுராதீங்க சாமி. அது முட்டாது, ரொம்ப மரியாதையான கிடா."

அப்போதுதான் அந்தக் கீச்சல் காற்றில் வந்தது. சடையன், "அப்பாடா" என்றான். பேரமைச்சர் நின்ற இடத்தில் நின்றபடி அதைக் கேட்டார். பட்டறையில் பிறந்த ஆயிரம் கூவிகளின் குரலையும் மறந்துவிட்டிருந்த அவருக்கு அந்த ஒரு கீச்சல் மறக்கவில்லை. யாரும் சொல்லாமலே அவர் அந்தத் திசைக்கு முதலடி வைத்தார்.

இருளப்பனின் கூவி ஓயவில்லை. சற்று நேரத்தில் எதிர்வீட்டு வைக்கோல் போரிலிருந்து இன்னொன்று கூவியது. பிறகு ஒரு தொட்டிலிலிருந்து, ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து, கோயில் மடப்பள்ளியிலிருந்து, செவித் திருத்த அலுவலரின் பரணிலிருந்து. தான் ஒருவன்தான் குற்றவாளி என்று ஒவ்வொருவரும் இத்தனை நாள் பயந்து கிடந்தார்கள். இப்போது ஊரே குற்றவாளி என்று தெரிந்ததும் சிரிப்பு வெடித்தது. பக்கத்து வீட்டு எண்ணெய் படாததால் எல்லாக் கூவிகளுமே கொஞ்சம் கீச்சிட்டன. அந்த நாட்டில் அதைவிட இனிய கச்சேரி அதுவரை நடந்ததில்லை.

கிடாயின் வாலைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்த மன்னர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"அமைச்சரே, அது நம் அரண்மனை அடுக்களைக் கூவி அல்லவா?"

"அப்படித்தான் தோன்றுகிறது, மன்னா."

"அதற்குப் பக்கத்தில் கணீரென்று ஒன்று கேட்கிறதே, அது யார் வீட்டுக் கூவி?"

அது பேரமைச்சரின் மாளிகைக் கூவி. "என் காதுக்குத் திருத்தம் தேவைப்படுகிறது, மன்னா" என்றார் அவர்.

மன்னர் கிடாயே திடுக்கிடும்படி சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆட்சிப் பொறுப்பு நினைவுக்கு வந்தது. "சட்டத்தை மீறி முதலில் கூவவிட்டவர் யார்? எந்தப் பக்கமிருந்து வந்தது?"

சடையன் காது கேளாதவன்போல ஆடுகளை ஓட்டினான்.

"பனியில் திசை தெரியவில்லை, மன்னா" என்றார் பேரமைச்சர், நேராக இருளப்பனின் தெருவை நோக்கி நடந்துகொண்டே.

சடையன் வீடு வந்து சேர்ந்ததும் குயிலி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டாள். இருளப்பனோ துணிமூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காவலர் வரட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் பொரி வாங்க வந்தவர்கள். கடைசியில் மூட்டையை அவிழ்த்து வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

பனிக்காலம் முடிந்ததும், வெளிவராமலே போன பதின்மூன்றாவதைத் தாண்டிப் பதினான்காம் பதிப்பு வெளியானது. உலகில் முதன்முறையாகத் திருகாணிகளோடும், பெட்டிக்குள்ளேயே சாவியோடும், முழுக்கப் பித்தளையில், பனியில் கூவக்கூடிய கூவியை அரசுப் பட்டறை கண்டுபிடித்திருப்பதாகப் பேரமைச்சர் அறிவித்தார். இவ்வரிய கண்டுபிடிப்பைத் திறந்து பார்க்கவும் மக்களுக்கு அனுமதி உண்டு என்றார். மூச்சு வாங்கினார்.

"அப்பா, இது பழசுதானே? எதுக்குப் புதுசுன்னு சொல்றாங்க?"

"மெதுவாப் பேசு கண்ணு. வழி தவறினவங்க திரும்பி வர்றப்ப, எந்த வழியா வந்தீங்கன்னு கேக்கக் கூடாது. கைதட்டு."

குயிலி பலமாகக் கைதட்டினாள்.

அவ்வாண்டு எண்ணெய் நாள் காலையிலும் பனி இறங்கியிருந்தது. பனி விலகட்டும் என்று எல்லாரும் கிண்ணங்களோடு வீட்டுக்குள் காத்திருந்தார்கள். இருளப்பன் பின்கட்டில் பொரி வறுத்துக்கொண்டிருந்தார். சூட்டு மணலில் அரிசி வெடிக்கும் சத்தத்தில் அவருக்கு வாசலில் நடப்பது எதுவும் கேட்காது.

பூட்டிக் கிடந்த வீட்டின் பூட்டு திறந்தது. தலைப்பாகை இல்லாத ஒருவர் மாடத்திலிருந்த கிண்ணத்தை எடுத்தார். விரலால் தூசி துடைத்தார். மடியிலிருந்த குப்பியிலிருந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டு பக்கத்து வாசலுக்கு வந்தார். திருகாணியை முதலில் தப்பான பக்கமாகத் திருகினார். பிறகு கைக்கு நினைவு வந்துவிட்டது. கூவியின் வயிற்றைத் திறந்தார், துடைத்தார், கீச்சிடும் இடத்தைத் தேடி ஒரு சொட்டு விட்டார். பொறுத்திருந்து இன்னொரு சொட்டு விட்டார். சிந்தியதைச் சால்வையில் துடைத்துக்கொண்டார்.

மூடப்போகும்போது சக்கரங்களுக்கு நடுவே ஒரு பொரி சிக்கியிருந்ததைக் கண்டார். அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். திருகாணிகளை முடுக்கிவிட்டு, பனி விலகுவதற்குள் போய்விட்டார்.