பம்பரக்காவும் தூங்கும் இளவரசியும்

கோயமுத்தூர் ஜில்லாவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பம்பரக்காவைப் போல உட்காரத் தெரியாத இன்னொரு மனுஷி அகப்பட மாட்டார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தி வராந்தாவில் நடப்பார். பல் தேய்த்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவார். சினிமாவுக்குக் கூட்டிப்போனால் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றே பார்ப்பார். இடைவேளையில் எல்லாரும் எழுந்து போன பிறகுதான் சற்று உட்கார்ந்து பார்ப்பார், நாற்காலி எப்படி இருக்கிறது என்று.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் அவர் எனக்கு ரூம்மேட். நான் பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். அவருக்கு நூல் மில்லில் வேலை. நூல் எவ்வளவு இழுத்தால் அறும் என்று நாள் முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். நிஜப் பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் யாரும் அதை உபயோகித்ததில்லை.

பம்பரக்காவுக்கு ஒரே ஆசை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே மாத நாவல், அதில் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். கதையும் தயார். நூற்கிற கதிர் விரலில் குத்தி நூறு வருஷம் தூங்கிப்போகிற இளவரசி, சுற்றி வளரும் முள்காடு, முத்தம் கொடுத்து எழுப்பும் ராஜகுமாரன் என்று எல்லாருக்கும் தெரிந்த அதே கதை. ஆனால் அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட ஆட்சேபணை.

"எங்க மில்லுல ஆயிரக்கணக்குல கதிரு சுத்துது கண்ணு. ஒருத்தியாச்சும் குத்தித் தூங்கிப்போனான்னு கேட்டிருக்கியா? தூங்குனா சூப்பர்வைசர் உடுவானா?"

அதனால் கதையை மாற்றினார். சாபம் கொடுத்த சூனியக்காரிக்கு ஒரு மகன். அம்மா செய்த பாவம் தாங்காமல், முள் கிழித்து ரத்தம் ஒழுக உள்ளே போய், இளவரசியின் கட்டிலருகே நூறு வருஷம் காவல் இருக்கிறான். தூக்கத்திலேயே அவன் குரலைக் கேட்டு அவள் காதலிக்கிறாள். ஆனால் அவள் விழித்த கணமே அவனுக்கு ஒரேயடியாக நூறு வயசு கூடிவிடும். விடிந்தால் உயிர் போய்விடும். எழுவதா, தூங்குவதா?

கேட்டவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் எழுத உட்கார வேண்டுமே! அதற்குத்தான் நான். மொட்டை மாடியில் அவர் வேகவேகமாக நடந்து சொல்வார், நான் அட்டையில் காகிதத்தைச் செருகி எழுதிக்கொண்டே பின்னால் ஓடுவேன்.

"முள்ளு கிழிச்சுது... ரத்தம் கொட்டுச்சு... எழுதீட்டியா? ரத்தத்த அழிச்சுப்போடு, இப்பவே கொட்டுனா கடைசிக்குப் பத்தாது."

கீழே இருந்த வார்டனம்மா காதில் ரத்தம் மட்டும் விழுந்தது. டிங்சர் பாட்டிலோடு மூச்சிரைக்க மேலே வந்தார். அடிபட்டது கதையில் வரும் பையனுக்குத்தான் என்று தெரிந்ததும் எங்களைத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்துப் படியிறங்கியவர், பாதியில் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பையன் பொழச்சுக்குவானுங்களா?"

நூறு வருஷத் தூசி எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை சிமெண்ட் தூசி பறக்கும் மதுக்கரைக்கு இழுத்துப்போனார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார். லாரிகள் போகும் ரோட்டோரம் டீக்கடை பெஞ்சில் விரலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நூறு வருசம் படிஞ்சா எப்படியிருக்குமுங்க?" என்றார்.

கடைக்காரர் யோசித்தார். "எனக்கெப்படிங்க தெரியும்? நான் தெனமும் தொடைக்கறனுங்களே."

நாவல் முடிந்து சென்னைக்குப் போனது. நான்தான் டைப் அடித்தேன். கொஞ்ச நாளில் பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணச் சொல்லித் தகவல் வந்தது. எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரைப் பிடித்தபடி அக்கா நடக்க, போன் மேஜையை விட்டு நகர்ந்தது. பூத்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆசிரியரின் குரல் வெளியே எனக்கே கேட்டது.

"கதை பிரமாதம்மா. முடிவை மட்டும் மாத்துங்க. அவ ராஜகுமாரனைக் கட்டிக்கட்டும்."

"அவன் ஆருன்னே அவளுக்குத் தெரியாதுங்களே!"

"அதனாலென்னம்மா? நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே கட்டிக்கறாங்க?"

அக்கா நின்றுவிட்டார். போனைக் கட்டிப் பிடித்திருந்த பூத்காரர் தலையை நீட்டி, "அவுரு சொல்றதும் நாயந்தானுங்க" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். மனிதர் போனை விட்டுவிட்டார்.

"மாத்தமாட்டனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து நாவல் வந்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் அக்காவின் பெயர். கடைசி இரண்டு பக்கத்தில் ராஜகுமாரனோடு மேளதாளம் முழங்கக் கல்யாணம். சூனியக்காரி மகன் எங்கே போனான் என்றே இல்லை. கேட்காமலே மாற்றிப்போட்டிருந்தார்கள்.

அக்கா அசையாமல் நின்றார். பஸ்கள் வந்தன, போயின. எனக்குப் பயமாகிவிட்டது. "அக்கா, நடங்க. கொஞ்சம் நடங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணில் நீரை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலை வார்டனம்மாதான் முதலில் கொதித்தார். "அதெப்படி அந்தப் பையன உட்டுப்போடலாம்?" நான் பழைய முடிவைத் திரும்ப டைப் அடித்தேன். ஜெராக்ஸ் எடுத்தோம். அடுத்த ஞாயிறு ஹாஸ்டலே ஜோடி ஜோடியாகக் கிளம்பியது. காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர் என்று எங்கெல்லாம் நாவல் தொங்கியதோ, அங்கெல்லாம் புரட்டிப் பார்ப்பதுபோல் எடுத்து உள்ளே இரண்டு தாளைச் செருகினோம்.

உக்கடத்தில் மாட்டிக்கொண்டோம். "என்னம்மா பண்றீங்க?" என்று கடைக்காரர் அக்காவின் கையைத் தடுத்தார்.

"கடைசிப் பக்கம் உட்டுப்போச்சுங்க. வெக்கறோம்."

அவர் தாளைப் பிடுங்கிப் படிக்க ஆரம்பித்தார். இளவரசி தானே விழிக்கிறாள். முத்தம் கொடுக்கக் குனிந்த ராஜகுமாரனிடம், 'நீங்க போலாமுங்க' என்கிறாள். தொண்டுகிழவனாகிவிட்டவனின் கையைப் பிடித்துக்கொண்டு, விடிவதற்குள் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் முள்காட்டுக்கு வெளியே நடக்கிறாள்.

கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். பிறகு ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்துக் கத்தினார்: "ரெண்டு கிளைமாக்ஸ் நாவல்! ஒரே வெலையில ரெண்டு கிளைமாக்ஸ்!"

அந்த வருஷமே அக்கா திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வேலை மாறிப்போய்விட்டார். அப்புறம் நாவல் எதுவும் எழுதவில்லை. பின்னால் ஓட ஆள் கிடைக்கவில்லையாம்.

எனக்குத் தை மாதம் கல்யாணம். அவிநாசிப் பக்கம் மண்டபம். முகூர்த்தத்துக்கு முன்னால் அலங்கார அறையில் சொந்தக்காரப் பெண்கள் என்னைச் சுற்றி மொய்த்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். குனிந்து என் காதோரம் கேட்டார்.

"ஏங்கண்ணு, இந்தப் பையன உனக்குப் புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்குதுங்க்கா."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க்கா."

"அப்பச் செரி" என்று பந்திக்குப் போய்விட்டார்.

அதற்குள் ஜாதகம் பார்த்திருந்தார்கள், தோட்டத்தைப் பார்த்திருந்தார்கள், மாப்பிள்ளையின் மூன்று தலைமுறையை விசாரித்திருந்தார்கள். அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்க, பம்பரக்கா திருப்பூரிலிருந்து வர வேண்டியிருந்தது.