கோஸ்தான் மாமாவும் ஒரு கடைசிக் காட்சியும்

எங்கே போனாலும், திரும்பி வருவதற்காகவே போகிற மனிதர் இந்த மலேசியாவில் ஒருவர்தான் உண்டு. அவர் என் அக்கா புருஷன். சந்தேகமாக இருந்தால் கோல சிலாங்கூரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள். 'கோஸ்தான்' என்று கேளுங்கள், வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். வண்டியைப் பின்னுக்கு எடுப்பதற்கு எங்கள் ஊரில் கோஸ்தான் என்று பெயர்.

மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். எண்ணெய் ஆலையில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். கோஸ்தான் அடித்து வைத்தவன் முதலில் வெளியேறுவான், மற்றவன் அங்கேயே கிடந்து காய்வான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு லோரி போய்விட்டது, அந்தப் புத்தி போகவில்லை. கோயில், கிளினிக், கல்யாண மண்டபம், எங்கே போனாலும் அவருடைய பழைய ஸ்டேஷன் வேகன் வாசலைப் பார்த்துத்தான் நிற்கும். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாலும் மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்து, ரோட்டைப் பார்க்க நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார். அதற்குள் ரொட்டி விற்றுத் தீர்ந்திருக்கும்.

வண்டி மட்டுமா? மனுஷனே அப்படித்தான். தன் கல்யாணத்திலேயே, மூன்றாவது முடிச்சுப் போட்ட கையோடு, "கெளம்பலாமா?" என்று கேட்டவர். எங்கே கிளம்புவது? விருந்தே அவர் வீட்டில்தான். திருவிழாவுக்குப் போனால், ரதம் வருவதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். சைட் மிரரில் சாமி கும்பிட்ட பக்தர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். "மிரர்ல தெரியறதும் அதே சாமிதானே லா?" என்று வேறு கேட்பார்.

இதில் பாவம் என் அக்காதான். அவளுக்குச் சினிமா என்றால் உயிர். கட்டிய புருஷனுக்கோ படம் முடிந்து வெளியே வரும் கூட்டம் என்றால் எமன். முக்கால் படம் ஓடியதும் முதலில் ஓர் இருமல் வரும். அப்புறம் சாவிக்கொத்து குலுங்கும். அப்புறம் "சரி" என்பார். அந்தச் 'சரி'க்குப் பிறகு இந்த உலகத்தில் எந்தச் சக்தியாலும் அவரை உட்கார வைக்க முடியாது. மறுநாள் காலையில் அக்கா எனக்குப் போன் அடிப்பாள். "தம்பி, அந்தப் பொண்ணு கடைசில என்னாதான் ஆனா?" நான் பார்க்காத படமாக இருந்தாலும் முடிவு சொல்வேன். எல்லாருக்கும் நல்லபடியாகக் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவேன். அக்காவும் திருப்தியாகப் போனை வைப்பாள்.

இந்தக் குடும்பத்தின் தலையில்தான் போன வருஷம் டிரைவ்-இன் வந்து விழுந்தது.

ஜெராம் போகிற ரோட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு திடலில், சில இளைஞர்கள் சேர்ந்து 'ரெட்ரோ டிரைவ்-இன்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதாவது, வீட்டில் ஏசி போட்டுப் பார்க்கக்கூடிய படத்தைக் காசு கொடுத்து, கொசுக்கடியோடு, சொந்தக் காரிலேயே உட்கார்ந்து பார்ப்பது. சத்தம் ரேடியோவில் வரும். அந்தக் காலத்து மாதிரியாம். அந்தக் காலத்தில் எங்களிடம் கார் ஏது? எஸ்டேட் திடலில் சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தோம். அதற்கு யாரும் ரெட்ரோ என்று பேர் வைக்கவில்லை.

போட்ட படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். அதைக் கேள்விப்பட்டதும் அக்கா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணமான புதிதில், மாமா அவளை முதன்முதலாகத் தியேட்டருக்கு அழைத்துப் போய்க் காட்டிய படம் அது. திருட்டுப் பழி விழுந்து வீட்டை விட்டுப் போகிற அண்ணன் ரயில் ஏறுவதுவரை பார்த்திருக்கிறார்கள். மாமா 'சரி' என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ரயில் ஏறிய அந்த அண்ணன், இத்தனை வருஷமாகியும் அக்காவுக்கு வீடு வந்து சேரவில்லை.

"போன்லயே இருக்கு அத்தை. லாஸ்ட் சீன் மட்டும் தட்டி விடவா?" என்று என் மகள் தர்ஷினி கேட்டாள்.

"வேணாம்மா. அவரோட போயி பாதில விட்டது. அவரோட போயிதான் பாக்கணும்" என்றாள் அக்கா.

மாமாவிடமும் நேரடியாகவே சொன்னாள். "இந்த ஒரு படம். இந்த ஒரே ஒரு படத்த முழுசா பாத்துட்டு வருவோம். அப்புறம் நான் ஒங்கள எதுவும் கேக்க மாட்டேன்." மாமா வானத்தைப் பார்த்து, "மழ வரும்போல இருக்கு" என்றார். எங்கள் மாமா அகராதியில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

என் மனைவி புத்திசாலி. தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அக்காவும் மாமாவும் நானும் தர்ஷினியும் வேகனில் போய்ச் சேர்ந்தோம். திடலில் ஐம்பது அறுபது கார்கள், எல்லாம் ஒழுங்காகத் திரையைப் பார்த்து நின்றன. மாமா நேராக உள்ளே போனார். நின்றார். கண்ணாடியைப் பார்த்தார். கோஸ்தான் அடித்தார். அறுபது கார்கள் திரைக்கு முகத்தைக் காட்ட, எங்கள் வண்டி ஒன்று மட்டும் திரைக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. எனக்கு மானம் போனது.

பச்சை ஜாக்கெட் போட்ட ஒருவர் டார்ச்சோடு ஓடி வந்தார். "அங்கிள், ஸ்கிரீன் அந்தப் பக்கம்."

"தெரியும். வாசல் இந்தப் பக்கம்."

"எல்லாரும் ஸ்கிரீன பாத்துதானே வச்சிருக்காங்க?"

"எல்லாரும் ஜாம்ல மாட்டுவாங்க. ஏன் தம்பி, இங்க தீ கீ பிடிச்சா என்னா செய்வே? நீங்கல்லாம் வண்டிய திருப்பிக்கிட்டு இருப்பீங்க. நான் காப்பார் டவுன்ல தே தண்ணி குடிச்சிக்கிட்டு இருப்பேன்."

ஜாக்கெட்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு யாரோ மாதிரி செம்பனை மரங்களைப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பூச்சி ஒட்டிய முன்கண்ணாடி வழியாகப் படம் பார்த்தார்கள். எங்கள் வேகனின் பின்கதவைத் தூக்கி விட்டதும் அக்காவுக்கு ராணி மாதிரி இடம் கிடைத்தது. மெத்தை விரித்து, காலை நீட்டி, மடியில் முறுக்கு டின்னோடு உட்கார்ந்தாள். காருக்குள் இருக்கும் ரேடியோவைத் தொடக்கூடாது என்பது மாமாவின் சட்டம். பேட்டரி இறங்கிவிட்டால் அவசரத்துக்கு எப்படிக் கிளம்புவது? அதற்காக வீட்டிலிருந்து ஒரு சின்ன ரேடியோவைக் கொண்டுவந்து கதவில் தொங்கவிட்டிருந்தார். தர்ஷினி போனுக்குச் சார்ஜ் போடப் போனதற்கு, "வண்டி பேட்டரில கைய வச்சே, நடந்தே வீட்டுக்குப் போவே" என்றார்.

அவர் மட்டும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, நடுக்கண்ணாடியில் படம் பார்த்தார். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியுமில்லையா? படத்தில் எல்லாரும் இடது கையால் சாப்பிட்டு, இடது கையால் ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்ததைப் பற்றி மனுஷனுக்குக் கவலையே இல்லை.

பாதிப் படத்தில் ஒருமுறை இறங்கி, பானெட்டைத் திறந்து என்னவோ நோண்டிவிட்டு வந்தார். கிளம்புவதற்கு முன் தண்ணீர், எண்ணெய் பார்ப்பது அவர் வழக்கம்தான். ஆரம்பித்துவிட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரையில் அண்ணன்மேல் பழி விழுந்தது. பெட்டியைத் தூக்கினான். ஸ்டேஷனுக்கு வந்தான். முன் சீட்டிலிருந்து இருமல் கேட்டது. அக்காவின் கை முறுக்கு டின்னுக்குள் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் ரயில் ஏறினான். சாவிக்கொத்து குலுங்கியது. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நான் எழுந்தேன்.

"சரி" என்றார் மாமா. சாவியைத் திருப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு 'டக்' சத்தம்கூட இல்லை. இன்னொரு முறை திருப்பினார். ஊஹூம்.

"போச்சு. பேட்டரி அவுட்டு" என்றார்.

"அய்யய்யோ, அவுட்டா?" என்றாள் அக்கா. அத்தனை சந்தோஷமான அய்யய்யோவை நான் கேட்டதே இல்லை. மாமா இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கினார். ஆள் அதற்குப் பின்னால் மறைந்துபோனார்.

"தம்பி, நீயும் போயி ஒரு கை குடு" என்ற அக்கா, உடனே குரலைத் தாழ்த்தினாள். "அவசரம் இல்ல. மெதுவா போ."

எனக்கு ஒரே குஷி. வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டிய சிங்கம், ஒரு பேட்டரியிடம் தோற்று நிற்கிறது. நக்கலுக்கு நாலு வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு போனேன். போகும்போதுதான் உறைத்தது. ரேடியோ போடவில்லை, லைட் போடவில்லை, போன் சார்ஜ்கூடப் போடவில்லை. பேட்டரி எப்படி இறங்கும்?

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். பேட்டரி வயர் கழன்று ஓரமாகக் கிடந்தது. மாமா கையில் ஸ்பேனர்.

"லைட்ட அணை லா!" என்று பல்லுக்குள் சொன்னார்.

"மாமா, வயரு கழண்டு..."

"கழட்டுனவனுக்குத் தெரியாதா? போயி படத்த பாரு."

"இருந்து பாப்போம்னு ஒரு வார்த்த சொன்னா போதாதா? இதுக்கு எதுக்கு மாமா இவ்ளோ கூத்து?"

"சொன்னா? சொல்லிட்டா அடுத்த படத்துக்கும் இருன்னு சொல்லுவா. கல்யாணத்துக்குப் போனா பந்தி முடியிற வரைக்கும் இருன்னு சொல்லுவா. நான் எங்க போறது?" ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு என் தோளைத் தள்ளினார். "ஒங்கக்காகிட்ட மூச்சு விட்டே, மாப்ள, அவ்ளோதான்."

நான் திரும்பி வந்து, பெரிய கோளாறு என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், கண் திரையை விட்டு வரவில்லை. அந்த அண்ணன் வந்தான். மழையில் நனைந்து, வாசலில் நின்று, கதவைத் தட்டுவதா வேண்டாமா என்று நெடுநேரம் தவித்து, கடைசியில் தட்டினான். கதவு திறந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். 'வணக்கம்' என்று எழுத்து விழுந்து, திரை வெளுத்து, விளக்குப் போட்ட பிறகும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம்தான் பானெட் மூடியது. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. ஆனால் அதற்குள் அறுபது கார்களும் வாசலை அடைத்துவிட்டன. மாமா வாழ்நாளெல்லாம் எந்த ஜாமுக்குப் பயந்து ஓடினாரோ, அதன் நட்டநடுவில் போய் மாட்டினோம். இப்போது வாயைத் திறப்பார், வண்டி வண்டியாக வசவு வரும் என்று நானும் தர்ஷினியும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பாவம், நீங்க பானெட்டுக்குப் பின்னால நின்னுட்டீங்க. முடிவையே பாக்கல" என்றாள், முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த அக்கா.

"ம்."

"சொல்லவா?"

"சொல்லேன்."

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை காலம் முடிவைக் கேட்டே பழக்கப்பட்டவள், முதல் முறையாகச் சொல்கிறாள். விடுவாளா? ரயிலிலிருந்து ஆரம்பித்தாள். மழைக்குக் கையை ஆட்டினாள். படத்தில் இல்லாத இடியைக்கூடச் சேர்த்துக்கொண்டாள். மாமா ஸ்டியரிங்மேல் சாய்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷனை அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அக்கா சொன்ன கதையில் அண்ணன் வாசலில் நின்று தவிக்கும்போது, எங்களுக்கு முன்னால் இருந்த கார் நகர்ந்தது. ரோடுவரை வழி காலி. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"மாமா, வழி விட்டாச்சு. கெளம்பலாம்" என்றேன்.

"இரு மாப்ள. கதவு இன்னும் தொறக்கல."

பின்னால் ஹாரன் விடாமல் அலறியது. யாரோ காரை விட்டு இறங்கி எங்களை நோக்கிக் கத்திக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணாடியை இறக்கிக் கையைக் கூப்பினேன். என் மாமாவுக்காக எத்தனை திட்டு வேண்டுமானாலும் நான் வாங்கிக்கொள்வேன்.